ஃப்ளூ ஊசி போடலைன்னா வேலை போயிடுமா? ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான கட்டாயத் தடுப்பூசி பத்தி அடியில இருந்து ஒரு விளக்கம்

அமெரிக்காவுல குளிர்காலம் நெருங்கினா ஒரு நியூஸ் அடிக்கடி கண்ணுல படும், ஃப்ளூ ஊசி போட்டுக்க மாட்டேன்னு சொன்ன நர்ஸை ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வேலையை விட்டு எடுத்துடுச்சுன்னு. உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். நோயாளியைத் தொட்டுப் பாக்கற வேலையில இருந்துக்கிட்டு ஊசி வேணாம்னா எப்படின்னு ஒரு கோஷ்டி, என் உடம்புல என்ன ஏத்தணும்னு முதலாளி யாரு முடிவு பண்ணன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டுமே நியாயமான கேள்விதான், ஆனா பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல மூணு தனித்தனி விஷயம் ஒண்ணா கலந்து குழம்பிப் போயிடுது. முதல்ல அதைப் பிரிச்சு வெச்சுக்குவோம்.

1. ஊசி போட்டுக்கறவருக்கு அதால நல்லது இருக்கா?
2. ஊழியர் போட்டுக்கிட்டா நோயாளிக்கு பலன் உண்டா, உண்டுன்னா எவ்வளவு?
3. பலன் உண்டுன்னே வெச்சுக்குவோம், அதுக்காக ஒருத்தரோட வேலையைப் பணயம் வெச்சு கட்டாயப்படுத்தலாமா?

முதல் கேள்விக்கு ஆமான்னு சொல்றவர் மூணாவதுக்கும் ஆமான்னு சொல்லியே ஆகணும்னு எந்த அவசியமும் இல்ல. கனடாவுல ஒன்டாரியோ நர்ஸ் யூனியன் தன்னோட உறுப்பினர்களை ஊசி போட்டுக்கச் சொல்லிக்கிட்டேதான் கட்டாயத்தை எதிர்த்து கேஸ் நடத்துச்சு. இது புரிஞ்சாதான் மீதி எல்லாம் புரியும்.

ஏன் வருஷா வருஷம் ஊசி, அது எவ்வளவு வேலை செய்யும்

சளி புடிச்சாலே ஃப்ளூன்னு சொல்ற பழக்கம் நமக்கு இருக்கு, இங்க ஃப்ளூன்னா இன்ஃப்ளூயன்சா வைரஸ் மட்டும்தான், அதுல ஏ வகை, பி வகைன்னு ரெண்டு ஒவ்வொரு சீசன்லயும் மனுஷனைப் படுக்க வெக்குது. எச்1என்1, எச்3என்2ன்னு கேள்விப்படறோமே, அது ஏ வகை வைரஸ் மேல நீட்டிக்கிட்டு இருக்கற ரெண்டு புரதத்தை வெச்சு வந்த பேரு. இந்தப் புரதம் கொஞ்சம் கொஞ்சமா உருவம் மாறிக்கிட்டே இருக்கறதால போன வருஷம் உடம்பு கத்துக்கிட்ட பாடம் இந்த வருஷம் முழுசா செல்லாது. அதனால உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரியில வடக்கு அரைக்கோளத்துக்கும் செப்டம்பர்ல தெற்குக்கும், எந்தெந்த ரகத்தை ஊசியில சேக்கலாம்னு பரிந்துரை சொல்லுது. பிப்ரவரியில எடுத்த முடிவு, பெரும்பாலும் கோழி முட்டைக்குள்ள வைரஸை வளத்து, கொன்னு, சுத்தம் பண்ணி ஊசியா கைக்கு வர்றதுக்குள்ள அரை வருஷம் ஓடிடும், நடுவுல வைரஸ் வேற பக்கம் திரும்பிடுச்சுன்னா பலன் குறையத்தான் செய்யும்.

எவ்வளவு குறையும்னா, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒவ்வொரு சீசனுக்கும் கணக்குப் போட்டு சொல்லுது. 2010-11ல 60 சதவீதம், 2014-15ல வெறும் 19 சதவீதம், 2017-18ல 38, 2018-19ல 29, 2019-20ல 39.

இந்த சதவீதத்தைத் தப்பா புரிஞ்சுக்கறவங்கதான் அதிகம். 40 சதவீதம்னா ஊசி போட்ட நூறு பேர்ல 40 பேருக்கு மட்டும் வேலை செஞ்சுது, 60 பேருக்கு ஃப்ளூ வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஊசி போடாத நூறு பேர்ல பத்து பேருக்கு டாக்டர் கிட்ட போற அளவுக்கு ஃப்ளூ வருதுன்னா, போட்ட நூறு பேர்ல ஆறு பேருக்கு வருதுன்னு அர்த்தம். பத்து ஆறாகுது. போட்டுக்கறவருக்கு இது லாபம்தான், வருஷத்துக்கு ஒரு தடவை தோள்பட்டையில அரை மில்லி மருந்து, ரெண்டு வாரத்துல எதிர்ப்பு சக்தி வந்துடும். ஆனா ஆறு பேருக்கு வருதுங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வர்ற மாஸ்க் விவகாரத்துல இந்த ஆறு பேர்தான் முக்கியமான ஆளுங்க.

பக்கவிளைவு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். செத்த வைரஸ்ல செஞ்ச ஊசியால ஃப்ளூ வராது, கை வலி, ஒரு நாள் ரெண்டு நாள் உடம்பு அசதி வரலாம். நரம்பைத் தாக்கற கில்லன்-பாரே நோய் 1976ல அமெரிக்காவுல போட்ட பன்றிக் காய்ச்சல் ஊசியால ஒரு லட்சம் பேருக்கு ஒருத்தர்ங்கற அளவுல கூடுதலா வந்துச்சு, அந்தத் திட்டத்தையே நிறுத்திட்டாங்க. இப்போ வருஷா வருஷம் போடற ஊசியில அப்படி ஏதாவது கூடுதல் ஆபத்து இருந்தா அது பத்து லட்சம் டோஸுக்கு ஒண்ணு ரெண்டுங்கற அளவுலதான்னு சிடிசி சொல்லுது. பயமுறுத்தற அளவு இல்ல, பூஜ்யமும் இல்ல.

ஊழியர் மேல ஏன் கண்ணு

ஒரு நர்சிங் ஹோமை நெனைச்சுப் பாருங்க. அமெரிக்காவுல நர்சிங் ஹோம்னா நம்ம ஊர்ல சொல்ற மாதிரி சின்ன தனியார் ஆஸ்பத்திரி இல்ல, வயசானவங்க மாசக்கணக்கா வருஷக்கணக்கா தங்கி இருக்கற பராமரிப்பு இல்லம். அங்க காலையில ஒரு உதவியாளர் 88 வயசு அம்மாவை நிமித்தி உக்கார வெச்சு, கழுத்துல துண்டைக் கட்டி, கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனா ஊட்டறாங்க. ரெண்டு முகத்துக்கும் நடுவுல ஒரு அடி கூட இருக்காது. அந்த அம்மாவுக்கு இருமல் வந்தா இவங்க துடைக்கணும், இவங்களுக்கு இருமல் வந்தா திரும்பிக்க நேரம் இருக்காது. முடிச்சுட்டு அடுத்த கட்டில், அதுக்கடுத்த கட்டில். அந்த வயசுல ஃப்ளூ ஊசி போட்டாலும் உடம்பு அதை சரியா வாங்கிக்காது, அதனால அவங்களைச் சுத்தி இருக்கறவங்களுக்குப் போட்டு ஒரு வேலி கட்டலாம்ங்கறதுதான் இந்த மொத்த யோசனைக்கும் அடிப்படை.

இதுக்கு எதிரா வர்ற முதல் பதில், "எனக்கு உடம்பு சரியில்லைன்னா நான் வீட்லயே இருந்துக்குவேன்"ங்கறது. அதுல ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிச்சுடலாம். ரெண்டாவது, வந்ததே தெரியாம போறவங்க நிறைய. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரிகள்ல 1993-94 சீசன்ல 518 ஊழியர்களோட ரத்தத்தை சோதிச்சாங்க, 120 பேருக்கு, அதாவது 23 சதவீதம் பேருக்கு, ஃப்ளூ வந்துட்டுப் போன அடையாளம் இருந்துச்சு. அந்த 120 பேர்ல 59 சதவீதம் பேர் எனக்கு ஃப்ளூ வந்ததா ஞாபகமே இல்லன்னாங்க, 28 சதவீதம் பேர் சளி இருமல்னு எதுவுமே வரலைன்னாங்க. 52 சதவீதம் பேர்தான் லீவு எடுத்தாங்க, மீதி 48 சதவீதம் பேர் லீவே எடுக்கல.

அந்தக் கடைசி எண்ணை மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

ஆலோசனை எப்படி கட்டாயம் ஆச்சு

ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கணும்னு அமெரிக்காவோட தடுப்பூசி ஆலோசனைக் குழு 1984லயே சொல்லிடுச்சு. சொன்னதோட சரி. அதுக்கப்புறம் இருபது வருஷம் போஸ்டர் ஒட்டினாங்க, ஊசி வண்டியை வார்டு வார்டா தள்ளிக்கிட்டுப் போனாங்க, அப்பவும் நாடு முழுக்க பாதிப் பேர் கூட போட்டுக்கல.

திருப்பம் வந்தது சியாட்டில்ல இருக்கற வெர்ஜினியா மேசன் ஆஸ்பத்திரியில. எல்லா ஊழியரும் ஊசி போட்டே ஆகணும், இல்லன்னா வேலை இல்லைன்னு 2004ல அறிவிச்சாங்க, அமெரிக்காவுல இப்படி செஞ்ச முதல் ஆஸ்பத்திரி இதுதான். அதுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கிட்டவங்க 54 சதவீதம், கட்டாயம் நடைமுறைக்கு வந்த முதல் வருஷமே 97.6 ஆச்சு, அடுத்தடுத்த வருஷம் 98ஐத் தாண்டிடுச்சு. ஆனா அங்க நர்ஸ் யூனியன் விடல. வேலை நிபந்தனையை மாத்தறதுக்கு முன்னாடி எங்களோட பேசியிருக்கணும்னு தொழில் தகராறைத் தீர்க்கற நடுவர் கிட்ட போனாங்க, நடுவர் யூனியன் பக்கம் தீர்ப்பு சொன்னார், ஆஸ்பத்திரி கோர்ட்டுக்குப் போச்சு, 2007ல ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் நடுவர் சொன்னது சரின்னு சொல்லிடுச்சு. யூனியன்ல இருந்த நர்ஸுங்களுக்கு மட்டும் கட்டாயம் இல்ல, போடாதவங்க மாஸ்க் மாட்டணும்னு ஆச்சு. இந்தத் தீர்ப்பு ஊசி நல்லதா கெட்டதான்னு பாக்கவே இல்லங்கறதை கவனிக்கணும், ஒப்பந்தத்தை மீறினீங்களா இல்லையான்னு மட்டும்தான் பாத்துச்சு.

அடுத்தது செயின்ட் லூயிஸ்ல பிஜேசி ஹெல்த்கேர், 2008ல சுமார் 26,000 ஊழியர்களுக்கு கட்டாயம் ஆக்கினாங்க. 98.4 சதவீதம் பேர் போட்டுக்கிட்டாங்க, உடம்பு காரணம் மத காரணம் சொல்லி 400 பேர் சொச்சம் விலக்கு வாங்கினாங்க, கடைசியில வேலை போனது 8 பேருக்கு. நியூஸ்ல அந்த எட்டு பேர்தான் தெரிவாங்க. பயந்த மாதிரி ஊழியர்கள் கூட்டம் கூட்டமா வேலையை விட்டுட்டுப் போகலங்கறதைப் பாத்துதான் மத்த ஆஸ்பத்திரிகளும் இந்த வழிக்கு வந்துச்சு. 2017-18 சீசன்ல சிடிசி எடுத்த சர்வேயில, முதலாளி கட்டாயம் ஆக்கின இடத்துல 94.8 சதவீதம், கட்டாயமும் இல்லாம ஊக்குவிக்கவும் செய்யாம வேலை இடத்துல ஊசியும் குடுக்காத இடத்துல 47.6 சதவீதம். ஆக, கட்டாயம் ஆக்கினா ஊசி போடறவங்க எண்ணிக்கை ஏறுமாங்கற கேள்வியில சண்டைக்கே இடம் இல்ல. ஏறும்.

கட்டாயம்ங்கற ஒரே சொல்லு, நாலு அர்த்தம்

நியூஸ்ல எல்லாத்தையும் கட்டாயம்னே எழுதறாங்க, உள்ள பாத்தா வேற வேற.

1. கையெழுத்து முறை. ஊசி போடு, இல்லைன்னா வேணாம்னு எழுதிக் குடு. கலிஃபோர்னியாவுல 2007ல இருந்து இப்படித்தான்.

2. ஊசி இல்லைன்னா மாஸ்க். ஃப்ளூ சீசன் முழுக்க போடாதவங்க நோயாளி இருக்கற இடத்துல மாஸ்க்கோட நிக்கணும். நியூயார்க் மாநிலத்துல 2013-14 சீசன்ல இருந்து, கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல 2012ல அறிவிச்ச பாலிசி.

3. ஊசி இல்லைன்னா வேலை இல்ல. பிஜேசி மாதிரி. இங்க கூட மெடிக்கல், மத விலக்கு உண்டு.

4. முதலாளி மேல சட்டம் வெக்கற கடமை. பின்லாந்துல தொற்றுநோய்ச் சட்டத்தோட 48வது பிரிவு 2018 மார்ச்ல அமலுக்கு வந்துச்சு, எளிதா நோய் தாக்கக்கூடிய நோயாளிங்க இருக்கற இடத்துல தடுப்பூசி போட்ட ஊழியரைத்தான் வேலைக்கு வெக்கணும்னு அது சொல்லுது. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் 2018ல அதிக ஆபத்து உள்ள வார்டு ஊழியர்களுக்கு மட்டும் கட்டாயம் ஆக்குச்சு.

ஃப்ளூ ஊசிக்குன்னு அமெரிக்கா முழுக்க ஒரே சட்டம் கிடையாது. கோவிட் ஊசி விஷயத்துல மத்திய அரசு மெடிகேர், மெடிகெய்ட் (முதியவங்களுக்கும் ஏழைங்களுக்கும் அரசு நடத்தற மருத்துவக் காப்பீடு) பணம் வாங்கற ஆஸ்பத்திரிகளுக்கு கட்டாயம் போட்டதும், உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில அதை அனுமதிச்சதும், 2023ல அரசே அதை எடுத்துட்டதும் வேற கதை. பல பேர் ரெண்டையும் ஒண்ணா நெனைச்சுக்கறாங்க.

ஒரு மாநில அரசே இறங்கிப் பாத்து கையைச் சுட்டுக்கிட்ட கதையும் உண்டு. 2009 ஆகஸ்ட்ல, எச்1என்1 பரவிக்கிட்டு இருந்த நேரம், நியூயார்க் மாநில சுகாதார கமிஷனர் ரிச்சர்ட் டெய்ன்ஸ் நவம்பர் 30க்குள்ள ஆஸ்பத்திரி ஊழியர் எல்லாரும் ஊசி போட்டுக்கணும்னு அவசர விதி கொண்டு வந்தார். அக்டோபர்ல கோர்ட் இடைக்காலத் தடை போட்டுச்சு. அடுத்த சில நாள்லயே கவர்னர் டேவிட் பேட்டர்சன் விதியை நிறுத்தி வெச்சுட்டார், காரணம் ரொம்ப எளிமையானது, ஊசி மருந்து போதல, இருக்கறதை கர்ப்பிணிகளுக்கும் சின்ன வயசுக்காரங்களுக்கும் குடுக்கணும். போடுன்னு உத்தரவு போட்டாச்சு, போட மருந்து இல்ல.

நோயாளிக்கு எவ்வளவு பலன்: இங்கதான் உண்மையான சண்டை

கட்டாயத்தை ஆதரிக்கறவங்க கையில இருக்கற பலமான ஆதாரம் நாலு ஆய்வு, எல்லாமே நீண்டகாலம் தங்கற முதியோர் இடங்கள்ல நடந்தது. கிளாஸ்கோவுல ரெண்டு, 1997லயும் 2000லயும் வெளியானது, இங்கிலாந்துல 2006, பிரான்ஸ்ல 2009. சில இல்லங்கள்ல ஊழியர்களுக்கு ஊசி குடுப்பாங்க, மத்த இல்லங்கள்ல குடுக்க மாட்டாங்க, குளிர்காலம் முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் எத்தனை முதியவங்க செத்தாங்கன்னு எண்ணுவாங்க. 2000ல வெளியான கிளாஸ்கோ ஆய்வுல ஊசி குடுத்த பக்கம் ஊழியர்கள்ல சுமார் பாதிப் பேர் போட்டுக்கிட்டாங்க, அங்க 13.6 சதவீதம் நோயாளிங்க செத்தாங்க, குடுக்காத பக்கம் 22.4 சதவீதம்.

பாத்த உடனே இவ்வளவு பெரிய பலனான்னு தோணும். அப்படித் தோணறதுதான் சிக்கலே. அந்த எண்ணிக்கை எல்லாக் காரணத்தாலும் வந்த சாவு, ஹார்ட் அட்டாக், பக்கவாதம், வயசு எல்லாம் சேத்து. அதே ஆய்வுல மூக்குல சாம்பிள் எடுத்து பாத்தப்போ ஃப்ளூ இருந்தது ஒரு பக்கம் 5.4 சதவீதம், இன்னொரு பக்கம் 6.7 சதவீதம், ஏறக்குறைய ஒண்ணுதான். ஃப்ளூ பெருசா குறையலைன்னா, ஃப்ளூ ஊசியால சாவு மட்டும் எப்படி அஞ்சுல ரெண்டு பங்கு குறையும்? ஒரு குளிர்காலத்துல சாகற முதியவங்கள்ல ஃப்ளூவால சாகறவங்க ஒரு சின்னப் பங்குதான், பாதி ஊழியருக்குப் போட்ட, பாதி வேலை செய்யற ஒரு ஊசி அந்தச் சின்னப் பங்கையும் முழுசா துடைக்க முடியாது, அதைத் தாண்டி மத்த சாவையும் எப்படிக் குறைக்கும். ரெண்டு பக்க நோயாளிங்களும் ஆரம்பத்துலயே ஒரே மாதிரி இல்லாம இருந்திருக்கலாம், வேற ஏதாவது கலந்திருக்கலாம்.

2014ல சிடிசி ஆட்கள் இந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்து சாவு 29 சதவீதம், ஃப்ளூ மாதிரியான காய்ச்சல் 42 சதவீதம் குறையுதுன்னு எழுதினாங்க. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடற காக்ரேன் குழு அதே ஆய்வுகளைப் பாத்துட்டு, லேபில உறுதியான ஃப்ளூவுக்கு தீர்மானமான ஆதாரம் இல்லைன்னு சொன்னாங்க. 2017ல கனடாவோட கியூபெக்கைச் சேர்ந்த காஸ்டன் டி செர் குழு கணக்கையே புரட்டிப் பாத்துச்சு. எட்டு ஊழியருக்கு ஊசி போட்டா ஒரு நோயாளி உயிர் தப்பும்னு ஒரு எண் சுத்திக்கிட்டு இருந்துச்சு. நீங்களே கணக்குப் போடுங்க, 16 லட்சம் ஊழியருக்குப் போட்டா 2 லட்சம் உயிர் தப்பணும். அமெரிக்கா முழுக்க, எல்லா வயசுலயும் சேத்து, ஃப்ளூவால வருஷத்துக்கு சாகறவங்களே 12,000ல இருந்து 52,000 வரைன்னு சிடிசி மதிப்பீடு இருக்கு. இல்லாத சாவை எப்படித் தடுக்கறது? அவங்க திருத்திப் போட்ட கணக்குல, சாதாரண ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி சாவைத் தடுக்க 6,000ல இருந்து 32,000 ஊழியருக்கு ஊசி போட வேண்டியிருக்கும்னு வந்துச்சு.

இதைப் படிச்சுட்டு ஊசி வேஸ்ட்னு முடிவுக்கு வரக்கூடாது. பலன் பூஜ்யம்னு அந்த ஆய்வு சொல்லல, நாலு ஆய்வு காட்டின அளவு நம்பற மாதிரி இல்லைன்னுதான் சொல்லுது. என்னோட கருத்து இதுதான்: ஸ்பூன்ல கஞ்சி ஊட்டற முதியோர் இல்லத்துலயும், புற்றுநோய் வார்டு, உறுப்பு மாற்று வார்டு, பச்சைக் குழந்தை ஐசியூ மாதிரி இடத்துலயும் கட்டாயம் கேக்கறதுக்கு நியாயம் இருக்கு, அங்க இருக்கறவங்க தங்களைத் தாங்களே காப்பாத்திக்க முடியாதவங்க, ஊழியருக்கு வர்ற சிரமம் ஒரு கை வலி. ஆனா பில்லிங் பிரிவுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறவரையும் அதே விதியில போட்டு வேலையை விட்டு அனுப்பறதுக்கு இந்த ஆதாரம் போதாது. பலனை ஊதிப் பெருக்கி சொன்னது ஊசிக்கே கெடுதல் பண்ணிடுச்சு, ஏன்னா நர்ஸுங்க படிச்சவங்க, எண்ணைத் திருப்பிப் பாத்தாங்க.

மாஸ்க் சண்டை: ஒரே கேள்வி, எதிரெதிர் தீர்ப்பு

பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஊசி இல்லைன்னா மாஸ்க் பாலிசியை எதிர்த்து யூனியன் போச்சு, 2013ல நடுவர் பாலிசி நியாயமானதுதான்னு சொல்லிட்டார். 2015ல ஒன்டாரியோவுல சூ ஏரியா ஆஸ்பத்திரி கேஸ்ல நடுவர் ஜேம்ஸ் ஹேஸ் நேர் எதிரா சொன்னார், பாலிசி நியாயமில்ல, ஊசி எண்ணிக்கையை ஏத்தறதுக்காகத்தான் இந்த மாஸ்க்கே தவிர நோயாளிக்காக இல்லைங்கற முடிவுக்கு வந்தார். 2018ல டொரண்டோ செயின்ட் மைக்கேல்ஸ் ஆஸ்பத்திரி கேஸ்ல நடுவர் வில்லியம் கப்லானும் ஆதாரம் போதாதுன்னு பாலிசியை ரத்து பண்ணிட்டார்.

ரெண்டு பக்கமும் நிபுணர்களைக் கூப்பிட்டு நாள்கணக்கா வாதம் நடந்த கேஸ்கள் இது. யூனியன் பக்க வாதத்தோட சாரம்:

1. மாஸ்க் நோயைத் தடுக்கும்னா, ஊசி போட்டும் வைரஸ் வர்ற அந்த ஆறு பேரும்தான் மாட்டணும். 19 சதவீதம் மட்டும் வேலை செஞ்ச 2014-15 மாதிரி வருஷத்துல ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வித்தியாசமே இல்ல, ஆனா ஒருத்தர் மட்டும் மாஸ்க்கோட நிக்கறார்.

2. நல்லா இருக்கற, இருமாத, தும்மாத ஊழியர் சர்ஜிக்கல் மாஸ்க் மாட்டினா ஃப்ளூ பரவறது குறையும்னு நேரடியா காட்டற ஆய்வு அந்த நடுவர்கள் முன்னாடி வெக்கப்படல, வெச்சது எல்லாம் மறைமுக ஆதாரம்.

3. மாஸ்க் போட்டாலே இவர் ஊசி போடாதவர்னு நோயாளிக்கும் கூட வேலை செய்யறவங்களுக்கும் தெரிஞ்சுடுது. உடம்பு சம்பந்தப்பட்ட ரகசியம் நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி.

டொரண்டோவை ஒட்டின ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் ஆஸ்பத்திரியிலயும் முதியோர் இல்லத்துலயும் வேலை செய்யற நம்ம தமிழ் ஆட்கள் நிறைய, மாஸ்க் விதி எங்க போச்சுன்னு கேக்கறவங்களுக்கு பதில் இந்த ரெண்டு ஒன்டாரியோ தீர்ப்புதான். பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2019 டிசம்பர்ல மாஸ்க்கைக் கட்டாயமா அமல்படுத்தறதை விட்டுடுச்சு. அதுக்கப்புறம் சில மாசத்துல கோவிட் வந்து எல்லாரும் மாஸ்க் மாட்டினது வேற காரணத்துக்காக.

மத விலக்கு, அரசியல் சாசனம்: கோர்ட் என்ன பாக்குது

1905ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜேக்கப்சன் கேஸ்ல பெரியம்மை ஊசியைக் கட்டாயப்படுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டுன்னு சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. அந்தக் கேஸ்ல போடாதவருக்கு தண்டனை 5 டாலர் அபராதம், அதுவும் அரசு போட்ட உத்தரவு. தனியார் ஆஸ்பத்திரி தன்னோட ஊழியருக்கு போடற நிபந்தனைக்கு அந்தத் தீர்ப்பு நேரடியா பொருந்தாது. அங்க வேலை செய்யறது ரெண்டு விஷயம், யூனியன் ஒப்பந்தம், அப்புறம் மதத்தை வெச்சு பாகுபாடு கூடாதுன்னு சொல்ற 1964 சிவில் உரிமைச் சட்டம்.

பென்சில்வேனியா மாநிலம் ஈரியில ஒரு ஆஸ்பத்திரி மத காரணம் சொன்ன ஆறு பேரை வேலையை விட்டு எடுத்ததுக்கு, சம வேலைவாய்ப்பு ஆணையம் போட்ட கேஸ்ல 2016ல 3 லட்சம் டாலர் குடுத்து சமரசம் ஆச்சு. அதே மாநிலத்துல இன்னொரு ஊழியர், ஊசி உடம்புக்குக் கெடுதல், என் உடம்புக்குக் கெடுதல் செய்ய என் மனசாட்சி விடாதுன்னு சொன்னார், 2017ல மூணாவது வட்ட நீதிமன்றம் இது மருத்துவ நம்பிக்கை, மதம் இல்லைன்னு தள்ளிடுச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா கோடு எங்க இருக்குன்னு ஓரளவு தெரியும், எனக்கு புடிக்கல, எனக்கு நம்பிக்கை இல்லங்கறது மட்டும் போதாது.

கட்டாயம் இல்லாத இடத்துல என்ன ஆகுது

இங்கிலாந்து நல்ல உதாரணம். அங்க ஃப்ளூ ஊசி கட்டாயம் இல்ல, 2021ல கோவிட் ஊசியோட சேத்து இதையும் கட்டாயம் ஆக்கலாமான்னு அரசு கருத்துக் கேட்டுச்சு, ஃப்ளூவை விட்டுட்டாங்க, கோவிட் கட்டாயமும் 2022 மார்ச்ல போயிடுச்சு. கட்டாயமே இல்லாம 2020-21ல நேரடியா நோயாளியைப் பாக்கற ஊழியர்கள்ல முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டாங்க. ஆனா அடுத்த சில வருஷத்துல பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. மனசு வெச்சு போட்டுக்கறது ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும், கட்டாயம் போட்டது 95 பக்கத்துல நிக்குது, இதையும் நேர்மையா ஒத்துக்கணும்.

இந்தியாவுல வேலை நிபந்தனையா நாடு தழுவிய கட்டாயம் எதுவும் இல்ல, ஊழியர்களுக்கு பரிந்துரை மட்டும் உண்டு. நம்ம பக்கம் இன்னொரு சிக்கல், ஃப்ளூ சீசன் ஒரே நேரத்துல வர்றது இல்ல, வடக்கே பல ஊர்ல ஜூலை செப்டம்பர் மழையில உச்சம், சென்னை வேலூர்ல வடகிழக்குப் பருவமழையோட அக்டோபர் நவம்பர்ல. தேதி வெச்சு பாலிசி எழுதறவங்க இதைப் பாக்கணும்.

லீவு

தனியா எடுத்து வெக்கச் சொன்ன, லீவே எடுக்காத 48 சதவீதத்துக்கு வருவோம். 2014-15 சீசன்ல, ஊசி வெறும் 19 சதவீதம் வேலை செஞ்ச அதே சீசன்ல, அமெரிக்க சுகாதார ஊழியர்கள் கிட்ட எடுத்த சர்வேயில ஃப்ளூ மாதிரி காய்ச்சல் வந்தவங்கள்ல 41.4 சதவீதம் பேர் அந்தக் காய்ச்சலோடயே வேலைக்குப் போனாங்க, பொதுவா மூணு நாள். முதியோர் இல்லத்துல வேலை செய்யறவங்க சொன்ன முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு, லீவு போட்டா சம்பளம் போயிடும்ங்கறது.

தனியார் துறை ஊழியருக்கு சம்பளத்தோட நோய் விடுப்பு குடுத்தே ஆகணும்னு அமெரிக்காவுல மத்திய சட்டம் இல்ல, சில மாநிலத்துல மட்டும் உண்டு. அந்த 88 வயசு அம்மாவுக்கு கஞ்சி ஊட்டற உதவியாளரை மறுபடி நெனைச்சுப் பாருங்க, மணிக்கூலி, ஊசி போட்டாச்சு, பேட்ஜ்ல ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, பாலிசி கணக்குல அவங்க பாதுகாப்பான ஊழியர். ஆனா காலையில அஞ்சு மணிக்கு எழுந்தா உடம்பு கொதிக்குது. காய்ச்சல் மாத்திரை இல்லாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகற வரைக்கும் வேலைக்கு வரக்கூடாதுன்னு சிடிசி வழிகாட்டுதல் இருக்கு, அப்படி வீட்ல இருக்கறவங்களைத் தண்டிக்காத மாதிரி லீவு விதியை வெச்சுக்கங்கன்னு ஆஸ்பத்திரிகளுக்கும் அது சொல்லுது. 1984ல ஃப்ளூ ஊசியும் இப்படி ஒரு ஆலோசனையாதான் ஆரம்பிச்சுது. ஊசி இருபது வருஷத்துல வேலை நிபந்தனை ஆயிடுச்சு, லீவு இன்னும் பல இடத்துல ஆலோசனையாவே இருக்கு.